டப்பாவில் எழுதியிருந்த எண்பது

மார்ச் 4

தம்பிக்கு,

அப்பாவுக்கு அந்தப் புரதப் பொடியைக் கொடுப்பதால் பலன் உண்டா என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவில்லை. இருபத்துநான்கு வருடமாக உணவுப் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து, மாவிலும் பாலிலும் எத்தனை புரதம் இருக்கிறது என்று அளந்து கையெழுத்துப் போடுகிறவள் இப்படிச் சொன்னால் உனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு பொருளில் எத்தனை இருக்கிறது என்று மட்டும்தான் என்னால் அளக்க முடியும். அது ஒரு மனிதருக்குள் போய் என்ன செய்யும் என்பது என் மேஜைக்கு வருவதில்லை.

தெரிந்ததைச் சொல்கிறேன். பால், முட்டை, மீன், பருப்பு என்று ஒழுங்காகச் சாப்பிடுகிற ஆளுக்கு இந்தப் பொடி அநாவசியம். டப்பாவின் மேல் புஜத்தை மடக்கிக் காட்டுகிறவனுக்கு அந்தப் புஜம் பொடியால் வந்ததல்ல. வயதானவர்கள், எலும்பு முறிந்து படுத்தவர்கள், சாப்பாடு இறங்காதவர்கள் விஷயத்தில் சில ஆய்வுகள் பலன் உண்டு என்கின்றன, சில பெரிதாக இல்லை என்கின்றன. நான் படித்தவரை யாரும் அடித்துச் சொல்லவில்லை. அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. இடுப்பு எலும்புக்கு ஆபரேஷன் ஆகி ஏழு வாரம்தான் ஆகிறது. பொடி கொடுப்பதற்கு முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடு. இதை மட்டும் தள்ளிப்போடாதே.

போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் உனக்கே தெரியும். போன மாதம் பாதிப் பேச்சில் நீ வைத்தாய். அதற்கு முன்பு நான் வைத்தேன். கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாலும் மீதி அங்கேயே இருக்கும்.

ஆபரேஷனுக்கு வந்து இரண்டே நாளில் திரும்பியதைப் பற்றி நீ சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. பதில் சொல்லாததால் விழவில்லை என்று நினைக்காதே.

அக்கா


மார்ச் 13

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. படித்து முடித்ததும் அப்பா, "என்ன சொல்றா? உண்டா, இல்லையா?" என்றார். "தெரியலையாம்" என்றேன். ஒரு சிரிப்பு சிரித்தார் பார். "உங்கக்கா தராசுல வச்சுப் பார்க்காம சாமியைக்கூட நம்பமாட்டா. விடு" என்றார்.

பொடி ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிவிட்டது. நீ பதில் போடும்வரை ஒருவர் படுத்தே கிடக்க முடியுமா? பிசியோ அம்மா சொன்னார், "தசை இருந்தாத்தான் ஐயா எந்திரிக்க முடியும், புரோட்டீன் உள்ள போகணும்" என்று. போகணும் என்றால் எப்படிப் போகும்? உடம்பு வற்றியதில் ஈறும் வற்றிவிட்டது. பல்செட் வாயில் தாளம் போடுகிறது. முட்டையைக் காட்டினால் சுவரைப் பார்க்கிறார். மீனில் முள் இருக்குமாம். நீ எழுதிய "ஒழுங்காகச் சாப்பிடுகிற ஆள்" எங்கள் வீட்டில் இல்லை. புரோட்டீன் பவுடரைக் கரைத்துக் கொடுத்தால் மட்டும் மடமடவென்று குடிக்கிறார். சாக்லேட் ருசி. டப்பாவைத் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறார். நூறு கிராமுக்கு எண்பது கிராம் என்று எழுதியிருப்பதைக் கண்ணாடி போட்டுப் படித்துக் காட்டுகிறார். "எண்பதுடா! நூத்துக்கு எண்பது! நீ பத்தாவதுல மொத்தமா வாங்கின மார்க்கு."

நேற்று கட்டிலிலிருந்து எட்டு அடி நடந்தார், வாக்கரைப் பிடித்துக்கொண்டு. போய் நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போடச் சொல்கிறார். போட்டேன். அதற்கும் திட்டு. "கோடுன்னா முடி மாதிரி இருக்கணும். இவ்வளவு தடியா போட்டா நான் கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" நாற்பது வருடம் கடைசல் பட்டறையில் இரும்பைச் சீவியவர் அல்லவா, தரையையும் மெஷின் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். வாசல் கேட் வரைக்கும் இருபத்திரண்டு அடி. கேட்டைத் தன் கையால் திறக்க வேண்டுமாம். நான்தான் போய் அளந்துவிட்டு வந்தேன்.

மத்தியானம் வரைக்கும் அவரோடு இருந்துவிட்டு, பிறகு கடைக்குப் போகிறேன். பூட்டு ரிப்பேர் வந்தால் சாயங்காலம் முடிகிறது. சாவி வெட்ட வருகிறவர்கள் காத்திருக்க மாட்டார்கள், வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள். இதை உனக்குக் குத்திக்காட்ட எழுதவில்லை. சரி, கொஞ்சம் குத்திக்காட்டத்தான்.

ரத்தம் அடுத்த வாரம் கொடுக்கிறோம்.

தம்பி


மார்ச் 22

தம்பிக்கு,

எட்டு அடி என்று படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை நீ அவரிடம் சொல்லலாம்.

இங்கே வருடாந்தரத் தணிக்கை நடக்கிறது. லீவு கேட்க முடியவில்லை என்பது உண்மை. கேட்கவும் இல்லை என்பதும் உண்மை. வந்து அங்கே உட்கார்ந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரிவதில்லை. நீ அவரைத் தூக்கி உட்காரவைக்கிறாய், துடைத்துவிடுகிறாய், அவர் திட்டினால் சிரிக்கிறாய். நான் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு விருந்தாளி மாதிரி இருக்கிறேன்.

என்னால் செய்ய முடிகிற ஒன்றைச் செய்கிறேன். டப்பாவில் எண்பது என்று அச்சடித்திருப்பதால் உள்ளே எண்பது இருக்கும் என்று அர்த்தமில்லை. அந்தப் பொடியில் கொஞ்சம் அனுப்பு. என் பெயரில் பதிவு செய்து, நானே பார்த்துச் சொல்கிறேன். மாதிரி எடுக்கும் முறை முக்கியம். காய்ந்த கரண்டி. டப்பாவின் மேலிருந்து ஒரு கரண்டி, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று. சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் போட்டு, மூடியைச் சுற்றி ஒட்டி, தேதி எழுது.

சிறுநீரகப் பரிசோதனை என்ன ஆயிற்று?

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

பாட்டில் இத்துடன் வருகிறது. நான் எடுக்கவில்லை. உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தது என் தப்பு. "நான் எடுக்கிறேன்" என்று அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். கரண்டியை வெயிலில் காயவைக்கச் சொன்னார். மேல், நடு, அடி என்று மூன்று தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார், பொடி சிந்தக் கூடாதென்று. சீட்டு எழுதி ஒட்டியதும் அவர்தான். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். "பெரிய லேபுல நம்ம டப்பாவைப் பார்க்கப் போறாங்க" என்று அடுத்த வீட்டுக்காரரிடம் ஜன்னல் வழியாகச் சொல்லியாகிவிட்டது.

ரத்தப் பரிசோதனை முடிந்தது. கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். டாக்டர் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அவசரமாக எதுவும் செய்ய வேண்டாம். தணிக்கை வேறு நடக்கிறது என்கிறாய். பரிசோதனை செய்யாவிட்டாலும் ஒன்றும் முழுகிப்போகாது. அவரும் மறந்துவிடுவார்.

பதினோரு அடி.

தம்பி


ஏப்ரல் 11

தம்பிக்கு,

முடிவை உட்கார்ந்து படி.

நூறு கிராமில் புரதம் இருபத்தைந்து. எண்பது அல்ல. நம்பாமல் இரண்டாவது முறையும் செய்தேன், அதே எண்தான். கொழுப்பு இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு. பாட்டிலைத் திறந்ததுமே வறுத்த வேர்க்கடலை வாசனை அடித்தது. இது அப்பட்டமான கலப்படம். யாரோ மலிவான மாவையும் வேர்க்கடலையையும் அரைத்து, சாக்லேட் நிறம் கொடுத்து, டப்பாவில் அடைத்து விற்றிருக்கிறார்கள். எழுந்து நடக்க நினைக்கிற ஒரு நோயாளியிடம்.

எனக்குக் கோபம் வருவது அரிது என்பது உனக்குத் தெரியும். நேற்று வந்தது. டப்பா தயாரித்தவர்களுக்குப் புகார் எழுதிவிட்டேன்.

பொடியை உடனே நிறுத்து. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதை உன்னிடம் விடுகிறேன். உனக்குத்தான் அது வரும். டப்பா சரியில்லை, வேறு வாங்கலாம் என்கிற அளவில் சொன்னால் போதும். எண்ணைச் சொல்ல வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 20

அக்காவுக்கு,

எண்ணைச் சொல்ல வேண்டாம் என்று எழுதிவிட்டு, அந்தக் கடிதத்தை உங்கள் லேப் பெயர் அச்சடித்த கவரில் போட்டு அனுப்பியிருக்கிறாய். பாட்டில் போன நாளிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அந்தக் கவரைப் பிரிக்காமல் எனக்காக எடுத்துவைப்பார் என்று நினைத்தாயா? நான் கடையில் இருந்தேன். வந்து பார்த்தபோது கடிதம் மடியில் இருந்தது. டப்பா தரையில், தூரத்தில் இருந்தது.

"இருபத்தஞ்சாம்டா" என்றார். "அப்ப நான் இத்தனை நாள் எதுல நடந்தேன்?"

நான் குனிந்து டப்பாவை எடுத்துத் தலைமாட்டில் வைத்தேன்.

ஐந்து நாளாகக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. பிசியோ அம்மா வந்தால் போர்வையை இழுத்துக்கொள்கிறார். "பொய்க் காலை எதுக்கும்மா தூக்கிவிடுறீங்க" என்கிறார். கஞ்சித் தண்ணீர் மட்டும்தான். அதற்கு முந்தின நாள்வரை பதினான்கு அடி போய்க்கொண்டிருந்தார், அக்கா. பதினான்கு.

இப்போது இதை எழுதியே ஆக வேண்டும். யாரும் அப்பாவை ஏமாற்றவில்லை. நான்தான் ஏமாற்றினேன். மார்ச் பதினெட்டாம் தேதி ரத்த முடிவு வந்தது. சிறுநீரகம் சரியில்லை, இந்தப் பவுடரை நிறுத்துங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ முதல் கடிதத்திலேயே சொன்னதுதான். வீட்டுக்கு வந்தால் அவர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னைக்கு ஒன்பதுடா" என்கிறார். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளே இருந்ததை ஒரு கவரில் கொட்டிக் கட்டிப் பரண்மேல் போட்டேன். பால்பவுடர், வறுத்த வேர்க்கடலை, கொஞ்சம் கோகோ எல்லாவற்றையும் மிக்சியில் அரைத்து டப்பாவில் நிரப்பினேன். சின்னக் கரண்டியில் கொஞ்சமாகக் கொடுத்தால் பரவாயில்லையா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தேன். ஒன்பதிலிருந்து பதினான்குக்குப் போனது அதில்தான்.

பாட்டிலில் அவர் எடுத்துப் போட்டபோது பக்கத்தில் நின்றேன் என்று எழுதினேனே, அப்போதாவது உனக்கு ஒரு வரி தனியாக எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எழுதினால் "நான் அப்போதே சொன்னேன்" என்று நீ சொல்லமாட்டாய். சொல்லாமல் இருப்பாய். அதுதான் எனக்குத் தாங்காது.

வேர்க்கடலை வாசனை அடித்ததாமே. இருபத்துநான்கு வருடம் லேபில் பழகிய மூக்குக்கு, அது வீட்டு மிக்சியிலிருந்து வந்த வாசனை என்று தோன்றவில்லையா?

தம்பி


ஏப்ரல் 24

தம்பிக்கு,

மூன்று முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை.

தோன்றவில்லை. திருடனைத் தேடிக்கொண்டிருந்தேன், அதனால் தோன்றவில்லை. அந்த லேப் கவர் என் மேஜை இழுப்பறையில் எப்போதும் இருப்பது. வேறு கவர் வாங்கக் கீழே இறங்க வேண்டும் என்று அதையே எடுத்தேன். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

லீவு கேட்டேன். கொடுத்துவிட்டார்கள், இரண்டே நிமிடத்தில். சனிக்கிழமை காலை அங்கே இருப்பேன்.

டப்பாவை மாற்றியதை அவரிடம் சொல்லாதே. தப்பு என் பக்கமே இருக்கட்டும். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நீ எழுதியிருந்தாய். இந்த முறை நான்.

அக்கா


மே 30

அக்காவுக்கு,

அப்பாவின் காரியங்கள் எல்லாம் முடிந்து நீ ஊருக்குப் போய் இரண்டு வாரம் ஆகிறது. வாக்கரை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்தேன். அங்கே இருந்தவர் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். தேயவில்லை. கட்டிலை அடுத்த வீட்டுக்காரருக்கே கொடுத்துவிட்டேன். தரையில் கோடுகள் அப்படியே இருக்கின்றன. பெருக்குகிற அம்மா, "இதைத் துடைச்சிடவாப்பா?" என்று கேட்டார். அப்புறம் பார்க்கலாம் என்றேன். அந்தப் பக்கம் துடைப்பம் போகாமல் பெருக்கிவிட்டுப் போகிறார்.

கடைக்குக் காலையிலேயே போய்விடுகிறேன். இப்போது சாவி வெட்ட யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். அந்தப் பவுடரை நான் மாற்றாமல் இருந்திருந்தால் அவர் கேட் வரைக்கும் போயிருப்பாரா? டாக்டர் சொன்னது சரி, சிறுநீரகம் போயிருக்கும், எல்லாம் தெரியும். ஆனால் ஒரு மாதம், ஒன்றரை மாதம் கூடக் குடித்திருந்தால்? இருபத்திரண்டு அடிதானே. பதினான்கு வந்துவிட்டார். எட்டுதான் பாக்கி.

பரணிலிருந்து அந்தக் கவரை எடுத்தேன். மேல், நடு, அடி பார்த்து எடுத்திருக்கிறேன். காய்ந்த கரண்டிதான். பாட்டில் இத்துடன் வருகிறது. உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது பார். பார்க்காவிட்டாலும் கோபமில்லை. இதைப் போன தடவையும் எழுதினேன், ஆனால் இந்தத் தடவை நிஜம்.

தம்பி


ஜூன் 8

தம்பிக்கு,

பாட்டில் வந்தது.

அந்தச் சனிக்கிழமை நீ மருந்து வாங்கப் போயிருந்தபோது நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. ஏதோ பேசினோம் என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், தூங்கவில்லை. "அப்பா, நான் பண்ணின டெஸ்ட் தப்பு" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே, "மெஷின் தப்பா, நீ தப்பா?" என்றார்.

"நான்தான்."

"எவ்வளவு?"

"எண்பதுதான்ப்பா. டப்பால இருக்கிறதுதான் சரி."

இருபத்துநான்கு வருடத்தில் நான் அளக்காத ஒரு எண்ணைச் சொன்னது அப்போதுதான். பட்டறையில் ஒரு நூல் பிசகினால் துண்டைத் தூக்கித் தூரப் போடுகிறவர். என் முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்து அவர் கால் பக்கம் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். "முப்பது வருஷத்துக்கு முன்னாடியே காலேஜுக்கு அனுப்பாம பட்டறைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்றார். பிறகு சிரித்தார். பிறகு இருமினார். அந்த இருமலை நான் அப்போது இருமல் என்றுதான் நினைத்தேன்.

நீ வந்தபோது அவர் கையில் பொடி கரைத்த டம்ளர் இருந்தது. மறுநாள் அவர் மூன்று அடி நடந்ததும், நீ முடி மாதிரி ஒரு கோடு போட்டதும், "இது கோடு" என்று அவர் சொன்னதும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு இன்னொரு கோடு போடவில்லை.

இப்போது உன் கேள்வி. கேட் வரைக்கும் போயிருப்பாரா? தெரியவில்லை. இதை நான் ஒதுங்கிக்கொள்வதற்காகச் சொல்லவில்லை. அந்த வாரங்களில் அவருக்கு எலும்பு கூடிக்கொண்டிருந்தது, பிசியோ அம்மா வந்துகொண்டிருந்தார், நீ பக்கத்தில் இருந்தாய், டப்பா தலைமாட்டில் இருந்தது. எல்லாம் ஒரே சமயத்தில். எதைத் தனியாகப் பிரித்து எடுத்து, இது இத்தனை அடி, அது இத்தனை அடி என்று சொல்வது? ஒருவரே இரண்டு முறை வாழ்ந்து காட்டினால் சொல்லலாம். டாக்டர் சொன்னபடிதான் நீ செய்தாய். நீ அரைத்துக் கொடுத்ததில் அவர் ஐந்து அடி கூட நடந்தார். இது மட்டும்தான் நமக்குத் தெரிந்த கணக்கு, அது உனக்குச் சாதகமாக இருக்கிறது.

எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. அதற்குத் துரதிர்ஷ்டவசமாகப் பதில் தெரியும். எழுபத்தாறு வயதில், இடுப்பு ஆபரேஷன் ஆனவர், பதின்மூன்று நாள் அசையாமல் படுத்துக் கிடந்தால் நுரையீரலில் என்ன சேரும் என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. டாக்டர் நிமோனியா என்று எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டது நான். அந்தப் பதின்மூன்று நாள் என் கவரிலிருந்து வந்தது. நீ இதை இதுவரை என்னிடம் சொல்லவில்லை. சொல்லமாட்டாய் என்றும் தெரியும். சொல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று நீ எழுதியிருந்தாயே, அது புரிகிறது.

உன்னிடம் வேண்டாம் என்று சொல்லலாமென்றுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். பாட்டிலைப் பார்க்க வேண்டாம், கொட்டிவிடலாம். எந்த எண் வந்தாலும் நம்மில் ஒருவருக்கு வலிக்கும். நாளைக்கு யோசிக்கிறேன்.

ஜூன் 9

கடிதத்தை நேற்று அனுப்பவில்லை. இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்தேன். பாட்டிலைப் பதிவு செய்தேன். ஒரு கிராம் எடை போட்டேன். வேர்க்கடலை வாசனை இல்லை. மத்தியானம் முடிவு வந்தது. இரண்டாவது முறையும் செய்தேன். எழுபத்தொன்பது புள்ளி நான்கு. டப்பாவில் எழுதியிருந்தது சரிதான். அப்பாவிடம் நான் சொன்னதும் ஏறக்குறைய சரிதான். டப்பா தயாரித்தவர்களுக்கு மன்னிப்புக் கேட்டு, புகாரைத் திரும்பப் பெற்று ஒரு கடிதம் எழுதினேன். சாதாரணக் கவரில் போட்டேன்.

பரிசோதித்த மாதிரியின் மிச்சத்தை ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது இங்கே விதி. அதற்கென்று உள்ளே ஓர் அலமாரி இருக்கிறது. இன்றைய பாட்டிலை வைக்கத் திறந்தபோது முதல் பாட்டில் ஏப்ரல் வரிசையில் இருந்தது. நான் அதை மறந்திருந்தேன். மூடியைச் சுற்றி ஒட்டுத்தாள், ஓரம் மடிந்துகூட இல்லை. சீட்டில் அவர் கையெழுத்து. மேல், நடு, அடி. தேதி. அதற்குக் கீழே, நான் ஏப்ரலில் படிக்காமல் விட்ட ஒரு வரி, சிறிய எழுத்தில்: எடுத்தவர் பதினோரு அடி நடந்தார்.

இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். முதலாவதை அக்டோபரில் கொட்ட வேண்டும்.

அக்கா